அறுபதாவது மீட்டர்

2006, ஆனி மாதத்து மத்தியானம். ஆலங்குளத்துக்குத் தெற்கே, பாழடைந்த தீப்பெட்டிக் கொட்டகை ஒன்றின் முன்னால் ஜீப்பிலிருந்து இறங்கினாள் ஷாஹிதா. சுண்ணாம்புக்கல் தேடும் ஒரு கம்பெனியின் நிலவியலாளர். அந்தப் பொட்டலில் ஆறு இடத்தில் துளை போட்டிருந்தார்கள். எத்தனையாவது மீட்டரில் என்ன கல் என்று பார்த்துக் கணினியில் ஏற்றினால், பூமிக்கடியில் கிடப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி முப்பரிமாணப் படம் எழும்பி வரும். அதுதான் அவள் வேலை.

உள்ளே நுழைந்ததுமே நாற்றம் அறைந்தது. மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் மகள் அவள். எந்த நெடிக்கும் அசராத மூக்கு. அந்த மூக்கையே பொத்திக்கொண்டாள். ஆட்டுக்கொழுப்பை மூடி வைத்து, வாரக்கணக்கில் வெயிலில் போட்டுத் திறந்தது போல.

"ஆறாம் நம்பர் துளை மேடம்," என்று பெட்டியைக் காட்டினார் துளை போடும் மேஸ்திரி; ஊர்க்காவலன் என்று பெயர். "அறுவது மீட்டர்ல வந்துச்சு. கைய வச்சிராதீக."

பெட்டியில், துளையிலிருந்து எடுத்து வரிசையாய் அடுக்கிய உருளை உருளையான சாம்பல்நிறக் கல். கடைசியில் மட்டும் மஞ்சளாய், கொழகொழவென்று ஒன்று. களிமண் என்றுதான் நினைத்தாள். களியா வண்டலா என்று அறிய நுனிப்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் பழக்கம். யோசிக்குமுன்னே விரல் வாய்க்குப் போய்விட்டது.

நெறுநெறுக்கவில்லை. வழுக்கியது. உப்புக் கரித்தது. பல்லிடுக்கில் ஏதோ சிக்கியது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

முடி.

வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். எத்தனை தடவை கொப்பளித்தும் நாக்கில் அந்தப் பிசுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை ஆறு துளைகளிலும் அளவு நாடாவை இறக்கச் சொன்னாள். ஆறிலுமே நுனி மஞ்சள் பூசி வந்தது; ஆறாவதில் அறுபதுக்குப் பதில் ஐம்பத்திரண்டு மீட்டரிலேயே. அளவுகளைக் கணினியில் ஏற்றினாள். திரையில் அது மெல்ல உருவம் கொண்டது. கிடையாய்ப் பரந்த படுகையாக இல்லை. கல்லைக் குடைந்து மேலேறும் ஒரு குழாயாக, கொட்டகைப் பக்கம் சாய்ந்து நின்றது.

"அண்ணே, ஆறாவத இன்னொருக்கா அளந்துட்டு வாங்க."

போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார்.

"காலையில அம்பத்திரண்டு. இப்ப நாப்பதுலயே இடிக்குது." குரலைத் தாழ்த்தினார். "நாடா சூடா வருது மேடம்."

ஆறு துளைகளிலும் சிமெண்டைக் கரைத்து ஊற்ற வைத்தாள். இங்கே கல் எடுக்கவே கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு வரிக்காக வேலை போனால் போகட்டும்.

மூன்றாம் நாள் சிமெண்டு இறுகியிருந்தது. பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். கடைசிப் பெட்டியைத் தூக்கிய ஊர்க்காவலன் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம்... இங்கன நாம துளை போடலியே?"

அந்தப் பெட்டி இருந்த இடத்தில், கொட்டகைத் தரையில் ஒரு வட்டத் துளை. அதே அகலம். சுற்றிலும் சுண்ணாம்புத்தூள், கீழேயிருந்து தள்ளிவிட்டது போலக் குவிந்து கிடந்தது. விளிம்பு ஈரமாய்ப் பளபளத்தது. ஈ மொய்த்தது.

ஷாஹிதா குனிந்தாள்.

ஈக்கள் மொத்தமாய் உள்ளே இழுபட்டன.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, வெதுவெதுப்பான ஒரு காற்றோடு மொத்தமாய் வெளியே வந்தன.