டோக்கன் இல்லாத கோரிக்கை

நாலு வயது மகள் மதியம் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு நிம்மதியாக வேலை ஓடும். அன்றைக்கு மடிக்கணினியைத் திறந்ததுமே சர்வரின் பதிவேட்டில் விநோதமான வரிகள் கண்ணில் பட்டன.

அவளுடைய கம்பெனி தயாரிப்பது செல்போனால் திறந்து மூடும் பூட்டு. குழந்தை எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விடக்கூடாதே என்று, சோதனைக்குத் தந்த ஒன்றை மகளின் அறைக்கதவில் மாட்டியிருந்தாள். பத்து நொடிக்கு ஒருமுறை, அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி யாரோ சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ‘நான் இன்னார்’ என்று காட்டும் டோக்கன் ஒவ்வொரு கோரிக்கையின் முகப்பிலும், அதாவது ஹெட்டரில், இருக்கவேண்டும். இவற்றில் ஒன்றில்கூட இல்லை. சர்வரும் சளைக்காமல் ‘401, அனுமதி இல்லை’ என்று விரட்டிக்கொண்டிருந்தது.

டீம் லீடரைக் கூப்பிட்டாள்.

“ஆப் திரும்ப அனுப்புறப்போ ஹெட்டர் விட்டுப்போயிருக்கும். இதுக்குப் போய் தலையைப் பிச்சுக்கிறீங்களே!”

“ஆப்பையே நிறுத்திட்டேன் சார். அப்பவும் வருது. அட்ரஸ் பார்த்தா எங்க வீட்டு வைஃபை.”

“அப்போ டோக்கன் செக்கை ஒரு நிமிஷம் எடுத்துடுங்க. உள்ள வந்தா யாருன்னு தெரிஞ்சுடப் போகுது.”

அதை மட்டும் செய்யவே கூடாது என்று ஆபீஸ் முழுக்க உபதேசம் பண்ணுகிறவளே அவள்தான். போனை வைத்துவிட்டு, திரைச்சீலை இழுத்துவிட்ட கூடத்தில், மின்விசிறியின் கிறீச் கிறீச்சையும் எங்கிருந்தோ வந்த ஈரத்துணி நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, பத்து நொடி ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, வரிகள் திரையில் குவிவதைப் பார்த்தபடியே இருந்தாள். பாழாய்ப்போன பிடிவாதம், யாரென்று பார்த்துவிட வேண்டும். செக்கை எடுத்தாள்.

டக்.

மகளின் அறைக்கதவு ஒரு சாண் திறந்தது. வாசலில் யாரும் இல்லை. ஈர நாற்றம் அவள் நாற்காலியை உரசிக்கொண்டு போனது. கதவு மூடியது.

டக்.

திரையில் புதிதாக ஒரு கோரிக்கை: ‘மூடு’. இதில் ஹெட்டர் இருந்தது. டோக்கனும் இருந்தது.

அவளுடைய டோக்கன்.

செக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, ‘திற’ என்று அனுப்பினாள். 401. ஹெட்டரைப் பார்த்தாள். காலி. மறுபடி அனுப்பினாள். 401. மறுபடி. 401.

ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். “கண்ணு! அம்மாடா! எழுந்திருடா!”

உள்ளே கட்டில் அசைந்தது. மகளின் தூக்கக் குரல்.

“அம்மா, வெளியே யாரோ தட்டுறாங்கம்மா.”

“தட்டட்டும். நீ தூங்குடா கண்ணு,” என்றது, உள்ளேயிருந்து, அவளுடைய குரல்.