குதிரை எப்படிக் கையைத் தூக்கும்?

குதிரையின் கண்ணில் விழ வேண்டிய சொட்டு மருந்து, அன்று காலை சித்தப்பாவின் மீசையில் விழுந்தது.

குதிரையின் பெயர் தூறல். வெள்ளை உடம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சாம்பல் புள்ளிகள். மழை ஆரம்பிக்கும்போது வாசலில் விழும் முதல் துளிகள் மாதிரியே இருக்கும். அந்தப் பெயரை வைத்தவள் துருவி.

துருவி என்பதும் நிஜப் பெயர் இல்லை. அவள் எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேட்பாள். "குதிரை நின்னுக்கிட்டே தூங்குதே, விழாதா?" "கொட்டாவி விட்டா அதுக்குத் தூக்கம் வருதா, இல்ல போரடிக்குதா?" ஒருநாள் சித்தப்பா இரண்டு கைகளையும் கூப்பி, "அம்மா தாயே, துருவி! நடுவுல கொஞ்சம் மூச்சு விடு" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அவள் துருவிதான்.

துருவியின் அம்மா குதிரையேற்றம் சொல்லித் தருபவர். வீட்டுக்குப் பின்னால் லாயம். லாயத்தை ஒட்டி வேலி போட்ட முற்றம். அதற்கும் பின்னால் புல்வெளி. குதிரைகளுக்குத் தீனி போடுவது, குளிப்பாட்டுவது, குளம்பைச் சுத்தம் செய்வது எல்லாம் சித்தப்பா.

தூறலின் இடது கண்ணில் வைக்கோல் குச்சி குத்திவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். அவரை எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள்.

"புண்ணு ஆழமா இருக்கு. மருந்து ஒழுங்கா உள்ள போயாகணும். இல்லைன்னா இந்தக் கண்ணு தெரியாமப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, இமையை எப்படித் தூக்குவது என்று அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தப்பா முதலில் ஒரு தந்திரம் செய்தார். ஒரு கையில் கேரட், மறு கையில் மருந்து. தூறல் கேரட்டைக் கடிக்கும்போது சட்டென்று இமையைப் பிடித்துச் சொட்டு விட்டுவிட்டார். மருந்து எரிந்தது. தூறலுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த முறை கேரட்டைக் கண்டதும் அது முற்றத்தின் மறுகோடிக்கு ஓடியது.

"கேரட்டைப் பாத்து ஓடுற குதிரைய இப்பத்தான் பாக்கறேன்!" என்றார் சித்தப்பா.

பிறகு கயிறு வந்தது. அம்மா ஒரு பக்கம் இழுக்க, சித்தப்பா மறுபக்கம் பிடிக்க, தூறல் தலையை ஒரு வீசு வீசியது. அம்மாவின் மணிக்கட்டு பிசகிவிட்டது. மருந்து மீசைக்குப் போனது.

"இனிமே உங்க மீசைக்குக் கண்ணு நல்லாத் தெரியும் சித்தப்பா" என்றாள் துருவி.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு போயிடுமோன்னு பயமா இருக்கு தம்பி" என்றார் அம்மா.

"போகாது அண்ணி. சாயங்காலம் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு, மூலையில நிறுத்தி அமுக்கிட வேண்டியதுதான்."

துருவி அந்த மூலையைப் பார்த்தாள். நாலு பேர் அமுக்கினால் தூறல் என்ன பாடு படும்?

அவள் வேலிமேல் ஏறி உட்கார்ந்து தூறலைப் பார்த்தாள். வால் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குத் துவாரம் இறுகியிருந்தது. ஒரு காது சித்தப்பா போகும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டே இருந்தது.

'இதுக்கு எதைக் கண்டு பயம்?'

கேள்வி வந்துவிட்டால் துருவியால் சும்மா இருக்க முடியாது. வெறுங்கையோடு வேலி ஓரமாக நடந்தாள். தூறல் நகரவில்லை. கையில் கேரட்டோடு நடந்தாள். தலை உயர்ந்தது. சித்தப்பாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவ்வளவுதான், தூறல் மறுகோடிக்கு ஓடிவிட்டது!

மருந்து இன்னும் வரவே இல்லை. அதற்குள் ஓட்டம். அப்படியென்றால் எரிச்சலைவிடப் பெரிய பயம் வேறு ஏதோ இருக்கிறது. பிடித்துக்கொள்வார்கள், விடமாட்டார்கள் என்ற பயம்.

இந்தப் பயம் துருவிக்கும் தெரியும். போன மாதம் பல் டாக்டரிடம் போனபோது அவளுக்கும் இதே பயம்தான் இருந்தது. அந்த டாக்டர், "வலிச்சா கையைத் தூக்கு. உடனே நிறுத்திடறேன்" என்றார். நிஜமாகவே நிறுத்துவாரா என்று பார்க்க, வலிக்காதபோதே துருவி கையைத் தூக்கினாள். உடனே நிறுத்திவிட்டார்! அதன் பிறகு அவளுக்குக் கையைத் தூக்கவே தோன்றவில்லை.

துருவி வேலியிலிருந்து குதித்தாள்.

"சித்தப்பா! குதிரை எப்படிக் கையைத் தூக்கும்?"

"முன்னங்காலைத்தான் தூக்கும். தூக்கினா உன் பல்லு மொத்தமும் போயிடும். பல் டாக்டருக்கு வேலை மிச்சம்."

"விளையாடாதீங்க. 'போதும், நிறுத்து'ன்னு அது எப்படிச் சொல்லும்?"

"அதான் காலையில சொல்லுச்சே, என் மீசையைக் கேளு."

துருவி மறுபடியும் தூறலைப் பார்த்தாள். வெயில் ஏற ஏற அது மெல்ல வேலிப் பக்கம் வந்தது. தூக்கம் வரும்போது அதற்கு ஒரு பழக்கம் உண்டு. வேலியின் மேல்கட்டையில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணைச் சொருகும்.

தாடை!

அவள் ஒரு சாக்கை மடித்து மேல்கட்டையில் போட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றாள். புல்வெளிக்குப் போகும் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள்.

"கதவு திறந்திருந்தா ஓடிடும்டி!" என்றார் சித்தப்பா.

"ஓடட்டும். ஓட முடியாம நின்னா, அதுக்குச் சம்மதமான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

சித்தப்பா மீசையைத் தடவினார். பிறகு போய்க் கதவைத் திறந்து வைத்தார்.

தூறல் சாக்கை மோந்து பார்த்தது. பிறகு தாடையை வைத்தது. உடனே துருவி அதன் பிடரிக்குக் கீழே சொறிந்துவிட்டாள். அந்த இடம் தூறலுக்கு உயிர். மேலுதடு நீண்டு ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

தாடை மேலே எழுந்தது. துருவி உடனே கையை எடுத்துவிட்டாள்.

தூறலின் காதுகள் முன்னால் வந்தன. தாடையை வைத்தது. கை வந்தது. எடுத்தது. கை போனது. வைத்தது, எடுத்தது. மறுபடி வைத்தது, எடுத்தது.

"சித்தப்பா, இது என்னைச் சோதிச்சுப் பாக்குது! நான் பல் டாக்டரைச் சோதிச்ச மாதிரியே!"

"குதிரைகிட்டயே பரீட்சை எழுதற ஆளு நீ ஒருத்திதான்" என்று சிரித்தார் சித்தப்பா. ஆனால் அவர் போகவில்லை. வேலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

துருவி தூறலின் கன்னத்தைத் தொட்டாள். கண்ணுக்குக் கீழே தொட்டாள். வெந்நீரை ஆறவைத்து, பஞ்சில் நனைத்து இமை ஓரத்தில் ஒத்தினாள். நடுநடுவே தூறல் தாடையை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடும். துருவி கூப்பிடமாட்டாள். மேய்ந்துவிட்டு அதுவே திரும்பி வரும்.

சாயங்காலம் நாலு பேரும் வந்துவிட்டார்கள். துருவி அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவைம்மா."

அம்மா யோசித்தார். பிறகு வந்தவர்களிடம், "கொஞ்சம் வீட்டுல உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார்.

ஆனால் வீங்கிய இமையைத் தூக்கத் துருவிக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கை முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான்.

"நானா?" என்றார் சித்தப்பா. "என்னைக் கண்டாலே அதுக்கு ஆகாதே!"

"துண்டைக் கழட்டிடுங்க. அது தாடையை எடுத்தா நீங்க கையை எடுத்துடணும். சத்தியமா?"

"சத்தியம், சத்தியம்."

மருந்துப் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. புதுப் புட்டி மறுநாள்தான் வரும்.

சித்தப்பாவைக் கண்டதும் தூறல் கதவுவரை போய்விட்டது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. சாக்கைப் பார்த்தது, துருவியைப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு அடியாக வந்து தாடையை வைத்தது.

சித்தப்பா இமையைத் தொட்டார். புட்டியைச் சாய்த்தார். தாடை எழுந்தது.

பழக்கதோஷம்! சித்தப்பாவின் இடது கை பாய்ந்து, தூறலின் முகத்தில் கட்டியிருந்த வாரை இறுக்கிப் பிடித்தது.

"சித்தப்பா, அது கையைத் தூக்கிடுச்சு!"

"இன்னும் ஒரு நொடிதான்..."

"சத்தியம் பண்ணீங்களே!"

சித்தப்பா பல்லைக் கடித்தார். பிறகு விரல்களை விட்டார். ஒரு சொட்டு மருந்து மண்ணில் விழுந்தது. தூறல் திரும்பிக் கதவு வழியாகப் போயே போய்விட்டது.

"போச்சு" என்றார் சித்தப்பா. அவர் முகம் வாடிவிட்டது. "நான்தான் கெடுத்தேன்."

துருவி புல்வெளியைப் பார்த்தாள். கூப்பிடலாமா? வாய்வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டாள். நிறுத்துவோம் என்றால் நிறுத்தத்தான் வேண்டும்.

தூறல் புல்லைக் கடித்தது. மென்றது. ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு வாயோரம் புல் தொங்கத் தொங்க, மெதுவாக நடந்து வந்தது. துருவியின் பக்கம் வரவில்லை. சித்தப்பாவின் எதிரே வந்து நின்று, சாக்கின்மேல் தாடையை வைத்தது.

சித்தப்பா மெல்ல நெருங்கினார். இமையைத் தூக்கினார். ஒரு சொட்டு. நேராகக் கண்ணுக்குள். எரிந்திருக்கும். தூறல் படபடவென்று இமைத்தது. தாடை மட்டும் அசையவில்லை.

"எங்கண்ணு! எந்தங்கம்!" என்று சித்தப்பா பிடரிக்குக் கீழே சொறிந்துகொண்டே இருந்தார். அவருடைய கண்ணிலும் ஏதோ சொட்டியது. அது மருந்தில்லை.

வந்த நாலு பேரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு ஒரு வேளைகூட மருந்து தவறவில்லை. டாக்டரம்மா மறுபடி வந்தபோது, டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணிடம் போனார். சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். அது இன்னும் சரின்னு சொல்லல."

"எது?"

"குதிரைதான்."

தூறல் டாக்டரம்மாவின் பையை மோந்து பார்த்தது. டார்ச்சை மோந்து பார்த்தது. தாடையை வைத்தது.

"ம், இப்பப் பாருங்க" என்றார் சித்தப்பா.

டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். அம்மா துருவியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புண்ணு மூடிக்கிட்டு வருது. கண்ணு தப்பிச்சுடுச்சு" என்றார் டாக்டரம்மா. துருவி குதித்த குதியில் வாளி உருண்டது. "இவ்ளோ நேரம் அசையாம நிக்குதே! ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், சித்தப்பாவின் கைகளைத் தேடினார். இரண்டு கைகளும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தன.