வீட்டு மனிதர் முதலில் விழித்த கதை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். இன்னும் பிறக்காத மனிதர்களின் கதை ஒன்று உங்களுக்காக வைத்திருக்கிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் வீட்டுக்காரரை ஒரு தடவை உற்றுப் பார்ப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் நிலவில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஓர் ஊர். அங்கே ஜோசியர்களுக்குப் பிழைப்பே கிடையாது. குடியிருப்பதே சனியின் வாசலில் என்றால், சனி பிடிக்குமோ என்று எவர் பயப்படுவார்? அந்த ஊரில் ஒரு விடுமுறைக் காலையில் மங்களேஸ்வரி தன் கணவரைத் தட்டி எழுப்பினாள். சிதம்பரநாதன் படுக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து கைகூப்பினார்.

"வணக்கம். நீங்கள் எந்தப் பிரிவு?"

"சமையல் பிரிவு. போய்ப் பல்லைத் தேயுங்க."

"அதற்கு அனுமதி பெற வேண்டுமா?"

"வாங்கியாச்சு. போங்க."

விஷயம் இதுதான். முற்காலத்து மனிதர்கள் அலுவலகத்தைத் தலையில் சுமந்து வீட்டுக்கு வந்து சீரழிந்தார்களாம். அதனால் டைட்டனில் ஆளுக்கு இரண்டு நினைவுச்சில்லு. வலது காதுக்குப் பின்னால் அலுவல் சில்லு, இடது காதுக்குப் பின்னால் வீட்டுச் சில்லு. தூங்கி எழும்போது 'எழுப்பி' என்ற குட்டி நிரல் இரண்டில் ஒன்றை விழிக்கச் செய்யும். விழித்தது நடமாடும். மற்றது உலகம் தெரியாமல் உறங்கும். ஒன்று அறிந்தது மற்றதற்குத் தெரியாது. விடுமுறை என்றால் வீட்டுச் சில்லுதான் முதலில் விழிக்க வேண்டும். ஆனால் அண்மையில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, சிதம்பரநாதன் எந்த நாளிலும் அதிகாரியாகவே எழுந்தார்.

பெண் பார்க்க வந்த முதல் வரனை அப்படித்தான் துரத்தினார். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லி வாசல் வரை கொண்டுபோய் விட்டார். இன்றைக்கு வருவதோ மகள் பூங்கோதைக்குப் பிடித்த பையன். பனிச்சறுக்கு மேடையில் பழகிய இளம்பரிதி. அவன் வீட்டார் உச்சிக்குள் தட்டு மாற்ற வருகிறார்கள். தட்டை நீட்டப் போவது அப்பாவா அதிகாரியா என்பதில்தான் அந்தப் பெண்ணின் வாழ்வே தொங்கியது.

பழுதுநீக்கும் எந்திரம் சீராளன் வந்து, விழிப்பு வரிசையில் வீட்டுச் சில்லை மேலே ஏற்றியது.

"போன தடவையும் இதைத்தானே செஞ்சே?" என்றாள் மங்களேஸ்வரி.

"சரியாகத்தான் செய்தேன், அம்மா. அலுவல் சில்லு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் தன் பெயரை மேலே எழுதிக்கொள்கிறது."

"அப்ப அதைக் கழற்றி வை."

சிதம்பரநாதனை உறங்க வைத்துக் கழற்றினார்கள். மனிதர் எழுந்திருக்கவே இல்லை. மூச்சு வந்தது, கண் திறக்கவில்லை. பூங்கோதைக்கு முகம் வெளுத்துவிட்டது. அவசரமாகத் திரும்பப் பொருத்தியதும் எழுந்து, "கூட்டம் தொடங்கிவிட்டதா?" என்றார்.

மங்களேஸ்வரிக்கு ஏதோ பொறி தட்டியது. "உங்க வீட்டுச் சில்லை எங்கே போட்டுக்கிட்டீங்க?"

"அலுவலகத்தில். உணவு இடைவேளையில். அங்கே இலவசம்."

"அப்ப அலுவல் சில்லு உள்ளேதான் இருந்ததா?"

"வேலை நேரத்தில் அதைக் கழற்ற விதி இடம் தராது."

அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் தன் வீட்டுச் சில்லைத் தன் அம்மா வீட்டிலேயே, வலது பக்கத்தைக் காலியாக வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இவருக்கோ பொருத்திய எந்திரம் பக்கத்தில் ஒரு சில்லு இருப்பதைப் பார்த்ததும், வீட்டை விழிக்கச் செய்யும் எழுப்பியையும் சோம்பலில் அதிலேயே எழுதி வைத்திருக்கிறது. வீட்டு மனிதர் கண் திறக்க அலுவலகத்தின் தயவு வேண்டியிருந்தது.

"அலுவல் சில்லை வெளியே எடுத்துட்டு, வீட்டுச் சில்லுக்குள்ளேயே ஒரு எழுப்பியை எழுது, சீராளா."

"எழுதலாம். கை பிசகினால் அந்தச் சில்லில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும்."

"அபாயம் இருந்தால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கலாம்" என்றார் சிதம்பரநாதன்.

பூங்கோதை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. கல்யாணம் போனாப் போகட்டும். அப்பா நம்மை மறந்துட்டா என்ன பண்றது?"

"இப்ப மட்டும் நினைவிலேயா வச்சிருக்கார்?" என்றாள் அம்மா. எந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "நீ எழுது, சீராளா."

அவரை உறங்க வைத்து, அலுவல் சில்லை எடுத்துவிட்டு, சீராளன் எழுதி முடித்தது. மூவரும் படுக்கையைப் பார்த்தபடி நின்றார்கள். இமை அசைந்தது. சிதம்பரநாதன் கண்ணைக் கசக்கி, மகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னடி, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, இன்னும் தலை பின்னாம நிக்கிறே?"

பூங்கோதை அழுதுகொண்டே சீப்பைத் தேடிப் போனாள். அலுவல் சில்லைத் திரும்பப் பொருத்தி, மறுபடி உறங்க வைத்து எழுப்பினார்கள். அப்போதும் வீட்டு மனிதரே விழித்தார். இனி எந்தப் புதுப்பிப்பு வந்தால் என்ன, அவர் வீடு அவர் காலில் நிற்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். பையனின் அப்பா அரியநாயகம் வாசலிலேயே, "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நிகழ்ச்சி நிரல் கிடைக்குமா?" என்றார். இளம்பரிதி பூங்கோதையை ஏற இறங்கப் பார்த்து, "தங்கள் தகுதிகள்?" என்றான். இலவசம் என்றால் அந்த ஊரில் எவர்தான் விட்டார்கள்?

மங்களேஸ்வரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "சீராளா, பாயை விரி. சம்பந்தி, காப்பி வர்றதுக்குள்ளே கொஞ்சம் கண்ணசருங்க. காதோரம் ஒரு சின்ன வேலை."

"இலவசமா?"

"இலவசந்தான்."

"அப்படியானால் சரி" என்று குடும்பமே வரிசையாகப் படுத்தது.

எழுந்தபோது இளம்பரிதி பூங்கோதையைப் பார்த்து வெட்கப்பட்டான். அரியநாயகம் காப்பியை உறிஞ்சி, "சர்க்கரை தூக்கலா இருக்கு, எனக்கு இப்படித்தான் வேணும்" என்றார். வீடு கலகலத்தது. அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா வாயைத் திறந்தாள்.

"கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட அப்பாவுக்கு என்ன உத்தியோகம்?"

சிதம்பரநாதன் யோசித்தார். மோவாயைத் தடவினார். "தெரியலைங்களே. உங்க பையனுக்கு?"

"எனக்கும் தெரியலைங்க, மாமா" என்றான் இளம்பரிதி.

மங்களேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரியநாயகம் வேறொன்று கேட்டார். "சறுக்கு மேடையிலே விழுந்தா பொண்ணு அழுமா, சிரிக்குமா?"

"அவ சிரிப்பா. எழுந்திரிக்காமலே சிரிப்பா" என்று பையன் முந்திக்கொண்டான்.

"அப்ப போதும், தட்டை எடுங்க" என்றார் அவர். பூங்கோதையின் அப்பா தட்டை நீட்டினார், அப்பாவாகவே.

அந்தப் பையனின் அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள், கண்ணுகளா. அவள் கேட்ட கேள்வி அவளுடைய எந்தச் சில்லிலும் இல்லை. பூமியிலிருந்து நாக்கோடு ஒட்டிக்கொண்டு போன பழக்கம் அது. காதுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத நாம், புதிதாக ஒருவரைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்கிறோம்? வீட்டுக்குப் போகும் வழியில் யோசியுங்கள்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் விடியும்போதெல்லாம் வீட்டு மனிதர்களே முதலில் கண் விழிக்கட்டும். அவர்கள் விழித்துப் பார்க்கும் முகம் சிரித்த முகமாக இருக்கட்டும்.