வாசல் காட்டுதல்

ஞாயிற்றுக்கிழமை என்றால் நகுலனுக்கு ஸ்கூட்டர்தான். காலை டிபன் முடிந்ததும் போர்ட்டிகோவில் பழைய போர்வையை விரித்து, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பேனர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க மாட்டான். “நான் அந்த வண்டியாப் பொறந்திருந்தா வாரத்துக்கு ஒரு நாளாச்சும் கவனிச்சிருப்பீங்க” என்று அவன் மனைவி தாரிகா சொல்லாத ஞாயிறு கிடையாது.

கோவையில் அன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் இதே காட்சிதான். ஒர்க்‌ஷாப் என்ற ஒன்று மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ரேர் எர்த் எனப்படும் அருமண் உலோகங்கள் தீர்ந்து, புது வண்டி செய்வதையே உலகம் நிறுத்திவிட்ட பிறகு, இருக்கிற வண்டியை அவரவர்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரேக் ஷூவைத் தேய்ப்பது, கேபிளுக்கு எண்ணெய் விடுவது, பேரிங்கில் கிரீஸ் அடைப்பது எல்லாம் சோறு வடிப்பதுபோல வீட்டு வேலையாகிவிட்டன.

நட்டும் போல்ட்டும் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கிடைக்காதது பழகுபாகம். வயதானவர்கள் இன்னும் ஸ்மார்ட் பார்ட் என்றுதான் சொல்வார்கள். ஆக்ஸிலரேட்டர், பிரேக், சமன்கருவி, ஹாரன் என்று ஒரு வண்டிக்கு ஏழு உண்டு. ஓட்டுகிறவரின் கை எந்தத் தெருவில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து அவை கற்றுக்கொள்ளும். சில மாதம் ஒரே வழியில் போய் வந்தால் போதும். பள்ளத்துக்கு முன்னால் பிரேக் தானே பிடிக்கும், மேட்டில் ஆக்ஸிலரேட்டர் தானே முறுக்கிக்கொள்ளும். அவற்றுக்குள் இருந்த துளி அருமண்ணைத்தான் இனி யாராலும் செய்ய முடியாது.

அதனால் ஒருவருக்குப் பழகுபாகம் வேண்டுமென்றால் இன்னொருவர் இறக்க வேண்டும். கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் ஊரே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. யார் இறந்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவருடைய வண்டியைப் பாகக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே வண்டியை அவிழ்த்து, வரிசையில் காத்திருக்கும் ஏழு பேருக்கு ஏழு பாகங்களையும் கொடுப்பார்கள். நகுலன் இடது பிரேக்குக்காகப் பொங்கலிலிருந்து காத்திருந்தான். அதுவரை இறக்கத்தில் காலைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்தினான். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

முந்தின நாள் கூடத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கு அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, திருகுகளைக் கழற்றி, மறதிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். வீட்டுக்கு ஒன்றாக அரசாங்கம் கொடுத்திருக்கும் பெட்டி அது. பழைய கையின் பழக்கத்தை அழித்து, பாகத்தை வெறுமையாக்கித் தரும். பச்சை விளக்கு எரிந்தது. பாகத்தை எடுத்து வண்டியில் மாட்டி, கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“வாசல் காட்டறதுக்கு எப்பக் கிளம்பறீங்க?” என்று உள்ளேயிருந்து தாரிகா கேட்டாள்.

நகுலன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னங்க, கேட்டனே? நேத்து நீங்கதானே சொன்னீங்க. ஆவாரம்பாளையத்துல ஒரு அம்மா, பையன் தவறிட்டான், இது கடைசிப் பாகம்னு.”

“அழிச்சுட்டேன்” என்றான் நகுலன்.

தாரிகா வெளியே வந்து பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வாசல் காட்டுதல் சட்டத்தில் இல்லை. ஆனாலும் துக்கம் கேட்கப் போவதை எப்படித் தவறவிட மாட்டார்களோ அப்படி இதையும் யாரும் தவறவிட்டதில்லை. பாகம் வாங்கியவர், அதை அழிப்பதற்கு முன், தன் வண்டியில் மாட்டிக்கொண்டு இறந்தவரின் வீட்டுத் தெருவுக்கு ஒரு தடவை போக வேண்டும். தெருவுக்குள் நுழைந்ததும் கையைத் தளர்த்திவிட வேண்டும். பாகம் தனக்குத் தெரிந்ததைச் செய்யும். வீட்டார் வாசலில் நின்று பார்ப்பார்கள். நகுலனின் அம்மா இறந்தபோது அவளுடைய ஹாரனை வாங்கிய யாரோ ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கேட்டருகே வந்ததும் ஹாரன் தானாக இரண்டு முறை செல்லமாகக் கூவியது. கேட்டைத் திறடா என்று அர்த்தம். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு முன்னால் நகுலன் வாய்விட்டு அழுதான்.

அப்படிப்பட்டவன் எப்படி மறந்தான்? இதுவரை அவனுக்கு வாய்த்த பாகங்களெல்லாம் நாதியில்லாமல் இறந்தவர்களுடையவை. காட்ட வாசலே கிடையாது. கொண்டுவந்ததும் துடைப்பான், பெட்டியில் வைப்பான். கைக்கு அது பழகிவிட்டது. பாகத்துக்கு மட்டுமா பழக்கம் உண்டு?

“அந்தம்மா காத்துட்டிருப்பாங்க. சும்மா போய் வாசல்ல நிறுத்திட்டு வந்துருங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?” என்றாள் தாரிகா.

“அது பாவம். நேர்ல போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்.”

“உண்மையைச் சொல்றது மட்டும் பாவமில்லியா?” என்றாள் அவள். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். தெருவுக்குள் நுழைந்ததும் தூரத்திலேயே தெரிந்தது. ஒரு கேட் விரியத் திறந்திருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவையாக உடுத்தியிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றாள். கூடத்தில் சொன்ன பெயர் நினைவுக்கு வந்தது, சுகன்யா அம்மா. பேச வந்தவன் வேறென்ன செய்வான், கேட்டுக்கு நேராக இடது பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினான்.

அந்த அம்மா அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. சக்கரத்தைப் பார்த்தாள்.

“நின்னுருச்சு” என்றாள், தனக்குத்தானே.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லோணுங்க...”

“உக்காருங்க சாமி. மொதல்ல உக்காருங்க.” நாற்காலியை அவனுக்குத் தள்ளிவிட்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஆறு வண்டி வந்து போச்சுங்க தம்பி. ஒண்ணும் நிக்கல. ஆக்ஸிலேட்டரு வந்துச்சு. இந்தக் கேட்டைக் கண்டதும் முறுக்கிட்டுப் பறந்துச்சு. பேலன்ஸ் பண்றது வந்துச்சு. அந்தப் பக்கமாச் சாஞ்சு ரோட்டோரமாப் போயிருச்சு. ஹாரனு மூச்சே விடல. அவங்கெல்லாம் தெருமுக்குல வண்டியை விட்டுட்டு நடந்து வந்து, மன்னிச்சுக்கோங்கம்மான்னாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்? என்ற பையன் கத்துக்குடுத்தது அப்படி.”

நகுலன் இறங்கி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“மகிழன் பாகக் கூடத்துலதான் வேலை பாத்தானுங்க. அவங்கப்பா தவறினப்ப, இன்னும் ஒரே ஒரு நாள் வண்டி வீட்டுல இருக்கட்டும்டான்னு கெஞ்சினேன். கூடத்துல வேலை பாக்கறவனே சட்டத்தை மீறக்கூடாதும்மான்னுட்டு, அவனே கையோட எடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துல, இனிமே இந்த வாசலை மிதிக்காதேன்னு சொல்லிப்போட்டேன். மிதிக்கலீங்க. பொண்டாட்டியோட அடுத்த தெருவுலயே வீடு புடிச்சுட்டான். வேலைக்குப் போக வர இந்த வழி ஒண்ணுதான். மூணு வருசம் இப்படியே போனான், வந்தான். அப்புறம் காய்ச்சல்னாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

அவள் மெல்ல நடந்து வந்து பிரேக் பிடியைத் தொட்டாள். குழந்தையின் விரலைத் தொடுகிறவள்போலத் தொட்டாள்.

“இது கடைசி. இதுவும் போயிருமுன்னுதான் நெனச்சேன்” என்றாள். பிறகு முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தாள். “தம்பி, நெசத்தைச் சொல்லோணும். நீங்களாப் புடிச்சீங்களா? இல்ல அதுவா நின்னுச்சா?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. அவளுடைய நல்ல புடவையைப் பார்த்தான்.

“அதுவா நின்னுச்சுங்கம்மா” என்றான்.

சுகன்யா அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. பொய் சொல்லி ஒரு மனுஷியை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியுமென்றால் தாரிகா சொன்னதே சரி என்று நகுலனுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

“அப்ப தினமும் நிறுத்தியிருக்கான்” என்றாள் அவள். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. “ஒரு நாள் ரெண்டு நாள் நின்னா இது பழகாதுங்களே. காலைல ஒரு வண்டிச் சத்தம் இங்க வந்து கொஞ்சம் குறையும். எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. யாரோ மேடு பள்ளம் பாத்து மெதுவாப் போறாங்கன்னு உள்ளயே படுத்துக் கிடந்தேன். கேட்டை உள்பக்கமாப் பூட்டி வெச்சிருந்தது நான்தானுங்க. பூட்டைப் பாத்திருப்பான். அதனாலதான் ஆக்ஸிலேட்டரை முறுக்கிட்டுப் போயிருக்கான். தெறந்து வெச்சிருந்தா உள்ள வந்திருப்பான் சாமி.”

“இல்லீங்கம்மா, அப்படியில்ல...”

“பின்ன எப்படிங்க?”

இதுவரை அவளால் மகன்மேல் கோபப்படவாவது முடிந்திருந்தது. இப்போது அதையும் நகுலன் பிடுங்கிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அவள் குற்றம் தீரும், ஆனால் நின்ற மகன் இல்லாமல் போவான். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றுதான் சொன்னான்.

அவள் காப்பியே போட்டுக் கொண்டுவந்தாள். அவன் கிளம்பும்போது வண்டியின் குறுக்கே வந்து நின்றாள். “இதை மட்டும் அழிச்சுப்போடாதீங்க. வேலைக்குப் போகையில இந்தப் பக்கமா வந்துட்டுப் போவீங்களா? அவன் நின்ன எடத்துல நான் ஒரு நாளும் நிக்கல. இனியாச்சும் நிக்கறேன்.”

நகுலன் தலையாட்டினான். வேலைக்கு அது சுற்று வழி. மறுநாள் காலை அந்த வழியாகத்தான் போனான்.

கேட் திறந்திருந்தது, அவளும் நின்றிருந்தாள். அவள் பார்வை எப்போதும் அவன் இடது கைமேலேயே இருக்கும் என்பதால், அவன் திருட்டுத்தனமாக ஒற்றை விரலால் பிரேக்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். வண்டி நிற்கும். அவள் பிடியைத் தொடுவாள். ஒரு டம்ளர் காப்பி தருவாள். அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே குடித்து முடிக்கும்வரை மகிழனின் சின்ன வயசுக் குறும்பு ஏதாவது சொல்வாள். எத்தனையோ நாள் உண்மையைச் சொல்லிவிடலாமென்று வந்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆடிக் காற்று அடிக்கும் ஒரு காலையில், கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டே அந்த வாசலை நெருங்கினான். அவன் விரல் பிடிக்கவில்லை. பிரேக் பிடித்தது.

அன்று இரவு சாப்பிடும்போது தாரிகாவிடம் சொன்னான். “அப்ப இனிமே நீங்க சொன்னது பொய் இல்லீங்களே” என்றாள் அவள்.

“இது என்னோட பழக்கம், தாரிகா. அவனோடது எங்கே?”

தாரிகா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஐப்பசி மழையில் சுகன்யா அம்மா படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மருமகளும் அக்கம்பக்கத்தாரும் எடுத்துச் செய்தார்கள். அவளிடம் வண்டி இல்லை, ஆகவே யாரும் யாருக்கும் எந்த வாசலையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டைக் காலி செய்து, கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார்கள்.

“இனி அந்தச் சுத்து வழி எதுக்குங்க? பெட்டியில வெச்சு அழிச்சுட்டு நேர் வழியாப் போங்களேன்” என்று தாரிகா ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிப் பார்க்கிறாள். நகுலன் போர்வையை விரிக்கிறான், கேபிளுக்கு எண்ணெய் விடுகிறான், மறதிப் பெட்டியை மட்டும் தொடுவதில்லை.

திங்கட்கிழமை காலை அந்தக் கேட்டுக்கு நேராக வண்டி தானாக நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் நகராது. ஒரு டம்ளர் காப்பி குடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அதுவும் பழகியிருந்தது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துச் சலித்துக்கொண்டு விலகிப் போவார்கள். அந்த நேரம் முடிகிறவரை நகுலன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, பூட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.