ஆகக் குளிரான அறை

மூன்றாம் தரமும் அந்த இரண்டு ஆமைகளும் பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. இப்போதுதான் யசோதினி அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்துக் கடைசி மூலையில், நனைத்த சாக்கின் கீழே விட்டுவிட்டு வந்திருந்தாள். கை ஈரம்கூடக் காயவில்லை. அவ்வளவு தூரத்தை ஆமை நடந்து கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள்ளா?

"சனியன்கள்" என்று வாய்விட்டே சொன்னாள்.

எரிச்சல் வராமல் வேறென்ன வரும்? ஆசைப்பட்டவன் அவள் புருஷன் கிளின்ரன். செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் ஆமைகள், போக்கிடமில்லை, பாவம் என்று கையெழுத்துப் போட்டுத் தத்தெடுத்து வந்தவனும் அவனே. இப்போது அவன் பஸ் ஓட்டப் போய்விட்டான். லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில், ட்ராம் பாதையோரத்து இந்த வரிசை வீட்டில், முப்பத்தெட்டுப் பாகை வெயிலில், ஐந்து மாத இரட்டைப் பிள்ளைகளோடு, ஆமைக்குக் கீரை அரிவதும் பீ அள்ளுவதும் இவள் தலையில் விழுந்திருந்தது.

கிளின்ரன் இடைவேளையில் போன் எடுத்தான்.

"யசோ, வெயில் கூடினால் வீட்டில ஆகக் குளிரான அறைக்குள்ள வைக்கச் சொல்லி, தத்தெடுக்கேக்க தந்த பேப்பரில கிடக்கெல்லே? உள்ளுக்கு எடுத்து விடும்."

"ஆகக் குளிரான அறையில பிள்ளையள் படுத்திருக்கினம். ஆமை வாசல்படி தாண்டக் கூடாதெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

"லண்டனில இருந்துகொண்டு இதென்ன விசர்க்கதை? அதுகள் செத்துப்போகுமப்பா."

"சாகட்டும். நான் விடமாட்டன்."

சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் குத்தியது. ஆனாலும் பின்கதவைப் பூட்டினாள். கைபிடியை இழுத்துப் பார்த்தாள். திரையையும் மூடினாள்.

வீடு இருண்டு புழுங்கியது. வாடிய கீரையின் நாற்றமும், நனைந்த சாக்கின் நாற்றமும், இன்னும் ஏதோ பழைய மண்ணைக் கிளறியது போன்ற மணமும் கதவிடுக்கால் வந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் நகங்கள் சுரண்டின. சரக். கொஞ்சம் பொறுத்து, சரக். பால் போத்தல்களைக் கழுவும்போதும், துணி மடிக்கும்போதும், பிள்ளைகளின் அறைக் காற்றாடி உறுமுவதற்கு மேலாகவும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

பிறகு சத்தம் நின்றது.

அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தாள். ஒரு ட்ராம் போனது. அது போன பின் வந்த அமைதியில், சரக். இம்முறை கண்ணாடியில் இல்லை. மரத்தில். வீட்டுக்குள்ளே.

திரையை இழுத்தாள். ஆமைகள் இரண்டும் வெளியேதான் நின்றன. நின்ற இடத்திலேயே. பூட்டைத் திறந்து, சுடும் கல்லில் குந்தி, ஒன்றைத் தூக்கினாள். கை சட்டென்று மேலே போனது. பாரமே இல்லை. திருப்பிப் பார்த்தாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் துவாரம். கால்களின் இடத்திலும். உள்ளே இறைச்சியில்லை, இரத்தமில்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரிச் சுத்தமாயிருந்தது.

மற்றதும் அப்படியே.

திரும்பினாள். கதவின் உள்பக்கத்தில், சமையலறைத் தரையில், இரண்டு ஈரக் கோடுகள். இவ்வளவு நேரமும் அவள் அவற்றைக் கவனிக்கவில்லை. அவை ஒன்றுக்கொன்று பக்கமாக நீண்டு, நடையைத் தாண்டி, பிள்ளைகளின் அறைக்குள் போயிருந்தன.

"ஐயோ, என்ரை பிள்ளையள்!"

ஓடினாள்.

காற்றாடி சுழன்றது. இரண்டு தொட்டில்கள். இரண்டு பிள்ளைகளும் குப்புறப் படுத்திருந்தார்கள். இதுவரை ஒருநாளும் தாமாகப் புரளாத பிள்ளைகள். ஈரக் கோடுகள் தொட்டில் கால்களில் ஏறியிருந்தன. இறங்கியிருக்கவில்லை.

விதுஷாவைத் தூக்கினாள்.

பாரம். காலையில் இந்தப் பாரம் இல்லை. இந்த வெக்கையில், உடம்பு கிணற்றுத் தண்ணீராய்க் குளிர்ந்தது. சட்டைக்குக் கீழே கை போனது. முதுகைத் தடவியது.

வழுவழுப்பு. ஒரு வரம்பு. இன்னொரு வரம்பு.

கல்லாய் இறுகியிருந்தது.

"பிள்ளை... என்ரை குஞ்சு... அம்மாவைப் பாருங்கோ..."

விதுஷா கண்ணைத் திறந்தாள். இமைக்காமல் தாயைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டாள். நெற்றி போனது. கண்கள் போயின. சட்டைக் கழுத்து மட்டும் மிஞ்சியது.

யசோதினிக்குப் பின்னால், யனுஷனின் தொட்டிலில், நகங்கள் மரக்கம்பியைச் சுரண்டத் தொடங்கின.