கோபால்ட், காப்பர், கொலை!

செல்போன் அலறியது.

சாலைக் கடைத்தெருவில் சோல்டரிங் ஈயம் வாங்கிக்கொண்டிருந்த நவநீத் எடுத்தான்.

"நவநீத்... நம்ம சார் போயிட்டார்!" மறுமுனையில் ஸ்மிதா. அவனோடு ஆராய்ச்சி செய்யும் மலையாளப் பெண். "லேப்ல விழுந்து கிடக்கார்... மூச்சில்லே!"

"ஐயோ! எப்படி?"

"நைட்ரஜன்... எக்ஸாஸ்ட் ஃபேன் ஆஃப்ல கிடந்தது."

நவநீத் ஈயத்தைக் கடையிலேயே போட்டான்.

ஆஃப் செய்தவனே அவன்தான்!

காலை பத்து மணிக்கு, கடைக்குக் கிளம்பும்போது. ஒரு கிராஃபுக்காக!

கோபால்ட், காப்பர், கோபால்ட் என்று நானோமீட்டர் கணக்கில் அடுக்கிய படலம். இரண்டு கோபால்ட்டின் காந்தமும் எதிரெதிராக முறைத்துக்கொண்டிருந்தால் மின்தடை ஏறும். பக்கத்தில் காந்தம் வந்தால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பும், தடை இறங்கும். ஃபேன் மோட்டாரின் காந்தமே போதும், கிராஃப் நடுங்கும். அதனால்தான் அணைத்தான். படலத்தைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையை அடைக்கும் என்று தெரிந்தும்... பாவி!

ஓடினான்.

பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன் லேப் தரையில். காதில் ஹெட்ஃபோன் இன்னும் கச்சேரி பாடிக்கொண்டிருந்தது.

வராந்தாவில், பத்து மணிக்கு முன்பே நைட்ரஜன் நிரப்பிவிட்டுப் போன பேச்சிமுத்துவைப் போலீஸ் இழுத்துக்கொண்டிருந்தது.

"அய்யா, சுவிட்ச்ச நான் தொடவே இல்லய்யா! ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்யா..."

ஸ்மிதா நவநீத்தின் காதில் கிசுகிசுத்தாள். "வாயைத் திறக்காதே. நீ ஆஃப் பண்ணினது எனக்கு மட்டும்தான் தெரியும், கேட்டோ!"

வாயை மூடினால் தப்பிக்கலாம். பேச்சிமுத்து ஜெயிலுக்குப் போவான்.

தாங்க முடியவில்லை.

"சார், அவரை விடுங்கோ! ஆஃப் பண்ணினது நான்தான்!"

இன்ஸ்பெக்டர் ஜெயன் திரும்பினார். "எந்தா? ஆதாரம் இருக்கோ?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார். மின்தடையை நொடிக்கு நொடி எழுதிண்டே இருக்கும். பாருங்கோ... பத்து மணிலேர்ந்து கோடு நேரா..."

லேப் திரையைக் காட்டியவன் சட்டென்று நிறுத்தினான்.

பத்து இருபதுக்குக் கோடு நடுங்கியிருந்தது. பத்து நாற்பதுக்கு மறுபடி நேர்!

"சார்... நடுவுல இருபது நிமிஷம் ஃபேன் ஓடியிருக்கு! ஃபேன் போடாம எங்க சார் உள்ளே போகவே மாட்டார், அவரேதான் போட்டிருக்கார். அப்புறம் வேற யாரோ ஆஃப் பண்ணினது ஹெட்ஃபோன்ல அவருக்குக் கேட்டிருக்காது..."

"சுவிட்ச் வெளியே வராந்தாவிலே அல்லே?" ஜெயன் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "ஸ்மிதா... பத்து மணிலேர்ந்து வராந்தாவில நீ மட்டும்தான் இருந்தே, சாரைத் தவிர வேற ஒருத்தரும் வரலேன்னு எழுதித் தந்திருக்கே!"

ஸ்மிதாவின் முகம் வெளிறியது.

"என் தீசிஸ்ல இருக்கறது கள்ள கிராஃப்னு சார் கண்டுபிடிச்சுட்டார்... நவநீத்! ஃபேனை ஆஃப் பண்ணினாலும் யாரும் கேக்கமாட்டாங்கன்னு எனக்குக் காட்டித் தந்ததே நீதானே!"

நவநீத் தலை குனிந்தான். அது உண்மை. பேச்சிமுத்துவை நிமிர்ந்து பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

"ஒரு கோட்டை வெச்சு கோர்ட்டுக்குப் போவீங்களா?" ஸ்மிதா சீறினாள்.

ஜெயன் விலங்கை எடுத்தார்.

"சாட்சி ரொம்ப ஒல்லிதான் மோளே... ஆனா கூண்டில ஏறிப் பல்டி அடிக்காது!"