பூட்ஸுக்கு ஒரு செருப்பு

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அருள்மேரி யாரையும் ஏமாற்ற மாட்டார். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்வார். அவர் வடிவின் வலது பாதத்தைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபோதே, சேதி நல்லதாக இருக்காது என்று வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

“குதிகால் மேல ஏறுது,” என்றார் சிஸ்டர்.

வடிவுக்குப் பத்து வயது. போன வருஷம் இளம்பிள்ளை வாதக் காய்ச்சல் வந்தது. போகும்போது வலது காலின் பலத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மாதக்கணக்கில் இதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியைக் காலில் சுற்றினார்கள். காலை மடக்கி நீட்டிப் பழக்கினார்கள். கடைசியில் ஒரு தோல் பூட்ஸும், அதிலிருந்து தொடை வரை போகும் இரண்டு இரும்புக் கம்பிகளும், கட்டிக்கொள்ளப் பட்டைகளும் கொடுத்துப் பழனிக்கு அனுப்பினார்கள். அதை மாட்டினால் வடிவு நடப்பாள். கழற்றினால் கால் துவண்டுவிடும்.

“ஏன் சிஸ்டர் ஏறுது?”

“கிருமி நரம்பைக் கெடுத்துருச்சு. நீ நெனைக்கிறது தசைக்குப் போய்ச் சேரல. கெண்டைக்கால் தசையில மட்டும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்கு. அது குதிகாலை மேல இழுக்குது. முன்பக்கம் எதுத்து இழுக்க ஆளில்ல. கயிறு இழுக்கிற போட்டியில ஒரு பக்கம் ஆளே வரலன்னா என்ன ஆகும்?”

“கயிறு போயிரும்.”

“அதான். பூட்ஸுதான் ஒனக்கு எதுத்த பக்கத்து ஆளு. நாள் பூரா போடுறியா?”

வடிவு வாயைத் திறப்பதற்குள் அம்மா சண்முகசுந்தரி முந்திக்கொண்டாள். “தவறாமப் போடுறா சிஸ்டர். வாசப்படி எறங்குனா பூட்ஸு இல்லாம எறங்க மாட்டா.”

அது சத்தியமான பேச்சுதான். வாசற்படி ஏறினால் என்ன ஆகும் என்று சிஸ்டர் கேட்கவில்லை. வடிவும் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க,” என்றார் சிஸ்டர். “இன்னும் ஏறியிருந்தா மாவுக்கட்டுப் போட்டு இங்கயே படுக்க வைக்கணும். இந்த வருஷமும் பள்ளிக்கூடம் கெடையாது.”

ஏற்கெனவே ஒரு வருஷம் போயிருந்தது. மறுபடியும் அந்தக் கட்டிலா?

மலை பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நான் என்ன கொறை வச்சேன்? எண்ணெய் தேய்க்கிறேன், நீவி விடுறேன்.”

“அம்மா, வீட்டுக்குள்ளயும் பூட்ஸு போடணும்மா. நான் வீட்லதான அதிக நேரம் இருக்கேன்.”

அம்மா திடுக்கிட்டாள். “வீட்டுக்குள்ள செருப்பா? நல்லாருக்கு.”

அவள் திடுக்கிட்டதிலும் நியாயம் இருந்தது. வடிவின் வீட்டில் பஞ்சாமிர்தம் செய்வார்கள். அப்பா ஞானவேலும் அம்மாவும் விடியுமுன் குளித்துவிட்டு, மலைவாழைப்பழத்தை உரித்துப் பிசைவார்கள். முருகனுக்குப் போகிற பண்டம். அந்த வீட்டுக்குக் கலெக்டரே வந்தாலும் அவர் செருப்பு வாசலில்தான் நிற்கும். வடிவின் பூட்ஸும் கம்பியும் அப்படித்தான் வாசலில் நின்றன. வாசலிலிருந்து உள்ளே அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். பிறகு வடிவு உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள். கால் தொங்கும். குதிகால் ஏறும்.

“இன்னும் நல்லா நீவி விடுறேன்,” என்றாள் அம்மா. “பூட்ஸு மட்டும் உள்ள வேண்டாம் சாமி.”

மறுநாள் வடிவு ஒரு காரியம் செய்தாள். வாசலில் உட்கார்ந்து பூட்ஸை வாளித் தண்ணீரில் முக்கி, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சுத்தமாகிவிட்டால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்தாள். தோல் ஊறிப்போனது. வெயிலில் வைத்ததும் கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டது.

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். “என்ன வாடை இது? எலி எதுவும் செத்துக் கெடக்கா?”

“பூட்ஸு குளிச்சிருக்குப்பா.”

அப்பா சிரிக்கவில்லை. விளக்கெண்ணெய் தடவித் தடவி அதைப் பழையபடி ஆக்க இரண்டு நாள் ஆனது. “இன்னொரு வாட்டி குளிப்பாட்டுன, பூட்ஸு பூராவும் போயிரும்,” என்றார்.

அந்த வாரம் அப்பா வடிவைத் தங்கள் பஞ்சாமிர்தக் கடைக்குக் கூட்டிப்போனார். கடை மலை அடிவாரத்தில் இருந்தது. படியேறுகிறவர்கள் அங்கே செருப்பை விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது வடிவின் வேலை.

மீசை வைத்த ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இடது காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். வேட்டியை ஒதுக்கி, வலது காலில் கிடந்ததையும் கழற்றினார். வடிவு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அந்த வலது கால் முழங்காலுக்குக் கீழே மரம்.

அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “மாமா, கட்டைக்காலுக்கும் செருப்பைக் கழட்டணுமா?”

“ரோட்டை மிதிச்சது செருப்புதானத்தா. சாமிகிட்டப் போறப்போ அதைக் கழட்டாம?”

“அப்ப கட்டைக்காலு?”

“அது என் காலாச்சே. அதை விட்டுட்டு நான் எப்படிப் போக?”

அவர் எழுந்தார். கம்பைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து நடந்தார். வடிவு அவர் விட்டுப்போன ஜோடிச் செருப்பைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, எதிர்ப்புறம் டயர்ச் செருப்பு தைக்கிற சின்னச்சாமியிடம் போனாள்.

“அண்ணே, எனக்கு ஒரு ஜோடி டயர்ச் செருப்பு வேணும். இடது காலுக்குச் சாதாரணமா. வலது காலுக்கு, இந்தப் பூட்ஸு உள்ள போற மாதிரி.”

சின்னச்சாமி உளியைக் கீழே வைத்தார். “பூட்ஸுக்குச் செருப்பா? இத்தன வருசத்துல எவனும் கேட்டதில்லயே புள்ள.”

“ரெண்டும் ஒரே உசரமா இருக்கணும். இல்லன்னா நொண்டுவேன்.”

“நொண்டுறவளுக்குப் பேச்சப் பாரு,” என்று அவர் சிரித்தார். வடிவும் சிரித்தாள். சிரித்தாலும், பூட்ஸின் அளவை மூன்று முறை சரிபார்த்துத்தான் டயரை வெட்டினார். அகலமான பட்டையும் கொக்கியும் வைத்துத் தைத்தார்.

சாயங்காலம் வடிவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வழக்கம்போல் அவளைத் தூக்கக் குனிந்தாள்.

“இருங்கம்மா. மொதல்ல செருப்பைக் கழட்டிக்கிறேன்.”

வடிவு குனிந்து கொக்கியை விட்டு, இரண்டு டயர்ச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். பூட்ஸும் கம்பியும் காலிலேயே இருந்தன.

“இனிமே ரோட்டை மிதிக்கிறது அதுங்கதாம்மா. பூட்ஸு மிதிக்காது. இது என் காலு. இதை வாசல்ல விட்டுட்டு நான் எப்படி உள்ள வர?”

அம்மா வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கதை முடிந்தது என்று வடிவு நினைத்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா திரும்பி வந்தபோது கையில் ஈரத்துணியும் குங்குமச் சிமிழும் இருந்தன. மண்டியிட்டு உட்கார்ந்து, பூட்ஸின் அடியை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தாள். பழைய ரோட்டு அழுக்கு எல்லாம் வந்தது. பிறகு இரும்புக் கம்பி இரண்டிலும் குங்குமம் வைத்தாள்.

“ஆயுத பூசைக்கு அருவாமணைக்கு வைக்கிறோம். இதுக்கு வச்சா என்ன கொறஞ்சிருது?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் வடிவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “எனக்குப் புத்தியில்லாமப் போச்சே கண்ணு,” என்று அழுதாள்.

“அம்மா, விடுங்க. நான் உள்ள போகணும்.”

அம்மா வழி விட்டாள். டக், டக் என்று வடிவு தன் வீட்டுக்குள் நடந்து போனாள்.

அடுத்த மாதம் சிஸ்டர் அருள்மேரி வடிவின் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினார். இன்னொரு முறையும் தள்ளிப் பார்த்தார்.

“எறங்க ஆரம்பிச்சிருக்கு. மாவுக்கட்டு வேண்டாம். பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க.” பிறகு கம்பியில் இருந்த குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுக்குள்ளயும் நடக்குறாளா?”

“அடுப்படி வரைக்கும் வர்றா சிஸ்டர். வெள்ளனே எந்திரிச்சு எங்ககூடப் பழம் உரிக்கிறா. பாத்திரம் எடுத்துக் குடுக்குறா. இப்ப அவகிட்ட வேலையும் வாங்குறேன்.”

“ரொம்ப வாங்குறாங்க சிஸ்டர்,” என்று வடிவு புகார் சொன்னாள். சொல்லும்போது அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.